மூன்றாவது பாட்டில் ஒரு "ம்"

ஒலிக்கூடத்தின் கண்ணாடியில் மதிய வெயில் ஒரு விரல் அகலத்துக்கு விழுந்து கிடக்கிறது. முப்பது வருஷங்களுக்கு முன் வீட்டு அறையில் பக்கவாத்தியம் இல்லாமல் தனியாகக் குழல் வாசித்துப் பதிந்த பாட்டுகள் புதுக் கலவையாக மறுபடி வெளிவரப் போகின்றன. குழல்காரி கண்ணை மூடிக் கேட்கிறாள். பின்னால் சோபாவில் நாத்தனார், கணவனின் அக்கா, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். அன்று மைக்குக்கு ஸ்டாண்டு இல்லாமல் மணிக்கணக்காகக் கையில் பிடித்து நின்றவள் அவள்தான். தம்பி கெஞ்சினானே என்று கடனே என நின்றாள் என்றுதான் குழல்காரி இதுவரை நினைத்திருக்கிறாள். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை. மூன்றாவது பாட்டில், குழல் மூச்சு வாங்கும் இடைவெளியில், பழைய நாடாவின் இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு "ம்" எழுகிறது. கதை கேட்பவர்கள் கொட்டுகிற "ம்". அடுத்த இடைவெளியிலும் இன்னொன்று. ஒலிப்பதிவாளர் பாட்டை நிறுத்துகிறார். "யாரோ முனகுறாங்க மேடம். எடுத்துடட்டுமா?" நாத்தனார் முந்திக்கொள்கிறாள். "எடுத்துடுங்க. ஃபேன் சத்தமா இருக்கும்." "ஃபேன் ஓடினா பதிவாகிடும்னு நிறுத்தினதே நீங்கதானே அண்ணி?" என்கிறாள் குழல்காரி. "அப்போ புழுக்கத்துல முனகியிருப்பேன்." குழல்காரி திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள். தனிக்குழல் என்றல்லவா அன்று கேசட் உறையில் அச்சடித்தார்கள். "அது அப்படியே இருக்கட்டும்," என்கிறாள் ஒலிப்பதிவாளரிடம். "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக்கூட வைங்க." பாட்டு மறுபடி ஓடுகிறது. "அண்ணி..." என்று அவள் தொடங்குகிறாள். "பேசாம கேளு," என்கிறாள் நாத்தனார். "இனிமேதான் நல்ல இடம் வருது."