புண்ணியவானின் ஓட்டு

தையல்காரர் சங்கத் தலைவர் தேர்தலில் போன தடவை அந்தத் தையல்காரருக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. மனிதர் சளைக்கவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினார்.

"எல்லாரும் ஓட்டுப் போட்டா வாய்ச்சவடால்காரன்தான் ஜெயிப்பான். தெருவுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்புவோம். அவங்க மட்டும் நிதானமா யோசிச்சுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும். எத்தனையோ நாட்டுல ஜனாதிபதியையே அப்படித்தானய்யா தேர்ந்தெடுக்கிறாங்க!"

சங்கத்து விதி மாறியது. தேர்தலும் முடிந்தது.

வீட்டுக்கு வந்தவர் தையல் மிஷின் முன் உட்கார்ந்தார்.

"எத்தனை ஓட்டுங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுகூட விழல."

"போன தடவை ஒண்ணாவது விழுந்துச்சே! அந்தப் புண்ணியவான் எங்க போனாரு?"

ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்கு இந்தத் தடவை ஓட்டே இல்லடி. விதியை மாத்தினதே அந்தப் புண்ணியவான்தான்!"