கழலாத கம்மல்

உலோகம் ஒருபோதும் பொய் சொல்லாது. ருமேனியாவின் சுச்சாவா ஊர்க் கடைத்தெருவில் நகை விற்கும் பாம்ஃபில் இந்த வாசகத்தைச் சட்டம் போட்டுத் தன் தலைக்கு மேலே மாட்டியிருந்தார். முலாம் பூசிய பித்தளைச் சரக்கையெல்லாம் அதற்கு நேர் கீழே அடுக்கியிருந்தார்.

ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் அக்லாயா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாமியாருக்குக் கம்மல் வேண்டும் என்றாள். குளித்தாலும் தூங்கினாலும் காதிலேயே கிடக்க வேண்டும், கழற்றுகிற பேச்சே கிடையாது. முன்பு இதே கடையில் வாங்கியது காதைப் புண்ணாக்கிவிட்டதாம். இரண்டு மடலும் சிவந்து வீங்கி, பார்க்கச் சகிக்கவில்லையாம்.

பாம்ஃபில் ஒரு டாக்டரின் கவலையை முகத்தில் வரவழைத்துக்கொண்டார். முலாம் தேய்ந்தால் அடியிலிருக்கும் நிக்கல் தோலைக் கடிக்கும் என்றார். வெள்ளியிலும் கலப்பைப் பார்த்து வாங்க வேண்டும், தினசரிக்கு ராஜா என்றால் ஆபரேஷன் கத்தி செய்கிற எஃகுதான், வியர்வை தண்ணீர் எதுவும் அதை ஒன்றும் செய்யாது என்று அடுக்கினார். அக்லாயா உதட்டைச் சுளித்தாள். எஃகில் அவள் வீட்டில் கரண்டிதான் இருந்தது.

"இதுக்கு முன்னாடி அவங்க எதைப் போட்டுப் பழக்கம்?"

"யாருக்குத் தெரியும்? ஒரே வீட்டுல இத்தனை வருஷம் இருந்தோம், தலைத்துணிய எறக்கின மனுஷியா அது?"

"ஒரு நடை கூட்டிட்டு வாங்களேன் டீச்சர். காதைப் பாத்தே சொல்லிடறேன்."

"போன குளிர்காலத்துல அடக்கம் பண்ணியாச்சு."

பாம்ஃபில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். திடுக்கிடவில்லை. அங்கே போடுவதற்கா, அதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று முணுமுணுத்தபடி நல்ல சரக்கு வைத்திருக்கும் பெட்டியை எடுக்க உள்ளே போனார்.

இறந்தவர் பேரைச் சொல்லி, எரிகிற மெழுகுவத்தியோடு, உயிருள்ள ஒரு கையில் எதைக் கொடுக்கிறோமோ அது அங்கே, மறு உலகில், அவருக்குப் போய்ச் சேரும். செருப்பு கொடுத்தால் செருப்பு, குடை கொடுத்தால் குடை. சேர்ந்ததை அவர் போட்டுக்கொண்டே ஆக வேண்டும். பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்ப அங்கே ஆள் கிடையாது.

நாற்பதாம் நாளில் மாமியார் ப்ரோஃபிரா பேரில் எல்லோரும் கொடுக்கிற போர்வையும் பாத்திரமும் கொடுத்த அக்லாயா, கூடவே ஒரு ஜோடிக் கம்மலும் கொடுத்தாள். அந்தத் தெருவில் அதுவரை யாரும் கம்மல் கொடுத்ததில்லை, அதனால்தான் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவள் பக்கத்து வீட்டு சவேத்தா.

அன்றிலிருந்து அக்லாயா மதியம் கண்ணயர்ந்தால் போதும், ப்ரோஃபிரா தலைமாட்டில் வந்து நிற்கிறாள். பேசுவதில்லை. தலைத்துணியை ஒதுக்கிக் காதைக் காட்டுகிறாள், அவ்வளவுதான். தூக்கத்துக்குப் பயந்து காப்பியாகக் குடித்துத் தள்ளிய அக்லாயா, கோயில் பாடகர் குழுவில் நின்றபடியே சொக்கி மெழுகுவத்தித் தண்டின்மேல் சாய்ந்தாள்.

சவேத்தாவை விசாரித்தாள். "எனக்கு ஒண்ணும் பண்ணலியே டீச்சரம்மா. பஞ்சு மாதிரி கெடக்கு" என்று அவள் தலையை ஆட்டிக் காட்டினாள். சவேத்தாவுடையது எருமைத்தோல் என்று அக்லாயா முடிவுகட்டினாள்.

கணவர் ஹரிடோனிடம் மூச்சு விடவில்லை. ஆயுள் முழுக்கப் பௌதிகம் நடத்தியவர், சிரிப்பார். அவரைப் பொறுத்தவரை கம்மல் சவேத்தாவுக்குப் போனது, கதை முடிந்தது.

பாம்ஃபில் பெட்டியைத் திறந்தார். "அசல் தங்கம். தண்டு கொஞ்சம் தடிமன், கொக்கி கெட்டி. ஒரு தடவை ஏறிட்டா எந்தக் காலத்துக்கும் கழலாது."

அதுதான் வேண்டும் என்றாள் அக்லாயா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில், ரொட்டியும் மெழுகுவத்தியும் வைத்து, இத்தனை காரட் என்பது பாதிரியார் காதிலும் விழும்படி சொல்லிக் கொடுத்தாள். ஆண்டவர் போய்ச் சேந்தவங்களை மன்னிக்கட்டும் என்று சவேத்தா முறைப்படி வாழ்த்தி, பழையதைக் கழற்றிவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டாள். கூட்டம் பார்த்தது. கூட்டம் பார்த்ததை அக்லாயாவும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, நெடுநாளைக்குப் பிறகு தலையணையில் நிம்மதியாகத் தலை வைத்தாள்.

ப்ரோஃபிரா வந்தாள். இந்த முறை துணியை ஒதுக்கவில்லை. இரண்டு கையாலும் காதுகளைப் பொத்தியிருந்தாள். விரலிடுக்கில் கசிந்த ரத்தம் கழுத்துப்பட்டியில் சொட்டி, அங்கிருந்து தலையணைக்கு வந்தது. வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

அக்லாயா வெறுங்காலோடு சமையலறைக்கு ஓடினாள். ஹரிடோன் வாதுமைக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று கனவு, புண், நிக்கல், பாம்ஃபில் எல்லாவற்றையும் அவர்முன் கொட்டினாள். ப்ரோஃபிரா இனி ஓயமாட்டாள், தான் இனித் தூங்கவே போவதில்லை என்று அழுதாள்.

"தங்கமும் ஆகலைன்னா நான் வேற என்னத்தைங்க வாங்கட்டும்? பிளாட்டினமா?"

ஹரிடோன் சிரிக்கவில்லை. இடுக்கியை மேசைமேல் வைத்தார்.

"அம்மாவுக்குக் காது குத்தவே இல்ல."