டோரீன் வீட்டுச் சிவப்புக் கதவு

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நேரில் பார்த்த ஆளே சத்தியம் பண்ணிச் சொன்னது.

2007-இல், இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்தில், ரெஜினால்டும் மனைவி டோரீனும் வங்கியின் மதிப்பீட்டாளருக்காக வாசலில் காத்திருந்தார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினால்தான் குளிருக்குமுன் வேறிடம் போக முடியும்.

"உள்ள வந்து பார்த்தான்னா நம்ம கதை கந்தல்தான்," என்றார் ரெஜினால்ட்.

"கதவுக்கு பெயின்ட் அடிச்சாச்சு, ஜன்னலுக்கு லேஸ் திரை போட்டாச்சு. வாயை மூடிட்டு நில்லு, போதும்."

கார் வந்தது. மதிப்பீட்டாளர் கண்ணாடியை மட்டும் இறக்கினார். "அம்சமான வீடு! விலை இன்னும் ஏறும்."

"ஒரு டீ குடிச்சிட்டுப் போங்களேன்," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் ரெஜினால்ட். டோரீன் அவர் காலை மிதித்தாள்.

"இன்னும் பதினோரு வீடு பாக்கணும், பெரியவரே!" ஒன்றரை லட்சம் பவுண்ட் என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

ரெஜினால்ட் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் கடல் இருந்தது. கூடமும் அடுப்பங்கரையும் பிப்ரவரியிலேயே கரையோடு சரிந்து போயிருந்தன.

"அந்த வங்கிக்காவது பின்பக்கம் இருக்குமா, டோரீன்?"

இத்தனையையும் நேரில் பார்த்ததாகச் சத்தியம் பண்ணியவர், காரைவிட்டு இறங்காத அந்த மதிப்பீட்டாளரேதான்.