வுடு நைனா

மூன்றாம் மாடி சன்னலில் பிற்பகல் வெயில். கீழே டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. மூச்சுப் பயிற்சி கொடுக்க மூன்று பேர் இருந்த ஆஸ்பத்திரி இது. இரண்டு பேர் மஸ்கட்டுக்குப் போன பிறகு ஜஸீமா ஒருத்திதான். அவளுக்கும் இன்று கடைசி நாள். கட்டிலில் இருக்கும் நோயாளி, எர்ணாவூர் இசக்கிப்பாண்டியிடம் நர்ஸ் இதைக் காலையிலேயே சொல்லிவிட்டாள். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய அவர் கை, தினமும் பயிற்சியில் பிடிப்பதுபோல ஜஸீமாவின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. "இழு நைனா. புடி. இப்ப வுடு" என்கிறாள். அவர் முகத்து ஆக்சிஜன் மாஸ்க் வெள்ளையாகப் பனித்துத் தெளிகிறது. பத்துத் தடவையும் முடிகிறது. "நாளைக்கு யாரும்மா சொல்லுவா?" என்கிறார். புதிதாக இன்னும் யாரையும் எடுக்கவில்லை. அவள் மாஸ்க் நாடாவைச் சரிசெய்கிறாள். "நேரமாச்சு, வுடு நைனா." அவர் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சிலிருந்த மூச்சையெல்லாம் நீளமாக வெளியே விடுகிறார். கையை விடவில்லை.