இரண்டு பேர் பேசிய மொழி

அப்பாவுக்குப் புரியக் கூடாது என்பதற்காகத்தான் நளாயினியும் தங்கை குமுதினியும் சின்ன வயதில் அந்த மொழியை உருவாக்கினார்கள். அவர் பெல்ட்டை உருவும் வீட்டில், அவர் எதிரிலேயே அவரைத் திட்டிச் சிரிக்க ஒரு மொழி. அதில் மழைக்கு மட்டும் ஏழு பெயர்கள். நடந்திருக்க வேண்டி நடக்காமல் போனதைச் சொல்லத் தனியாக ஒரு வினைக்காலம்கூட இருந்தது.

நாற்பது வயதிலும் இருவரும் போனில் அதில்தான் பேசினார்கள். புருஷனை விட்டு வந்துவிடப் போவதாகப் போன மாதம் நளாயினி அதில்தான் சொல்லி அழுதாள்.

அன்று தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. தங்கையின் கணவன் பரசுராமனே சமைத்திருந்தான். அவன் மனம் நோகக் கூடாதென்று நளாயினி அந்த மொழியில், "கூட்டுல உப்பே இல்லடி" என்றாள். குமுதினி நிமிர்வதற்குள் பரசுராமன் உப்பு ஜாடியை எடுத்து நளாயினியின் பக்கம் நகர்த்தினான். நகர்த்திய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கை ஜாடியின் மேலேயே நின்றுவிட்டது.

"எவ்வளவு நாளா?" என்று நளாயினி தங்கையிடம் கேட்டாள்.

"கல்யாணமான வருஷமே சொல்லிக் கொடுத்துட்டேன்க்கா. அவர் என்ன அந்நியரா?"

பரசுராமன் நளாயினியை இரக்கத்தோடு பார்த்தான். போன மாதம் அவள் அழுததெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. அவள் கை கழுவ எழுந்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது குமுதினி பின்னாலேயே வந்து, அந்த மொழியில், "கோவமாக்கா?" என்றாள்.

நளாயினி தமிழில் சொன்னாள். "சாப்பாடு நல்லா இருந்தது. வரேன்."