டங் என்ற ஒரு சாண்

நான்கு தகரப் பீப்பாய்களின் மேல், மதிய வெயிலில் பழைய ஃபைபர் படகு உட்கார்ந்திருக்கிறது. போன மாதம் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், கோப்பில் பிழை தேடும் அதே முகத்தோடு, சாவியால் அதைத் தட்டிக்கொண்டே சுற்றி வருகிறார். நல்ல இடம் ‘டங்’ என்னுமாம். ஊறிப்போன இடம் ‘பொத்’ என்னுமாம். எங்கே தட்டினாலும் பொத். “கடல் ராணி சார் இது!” என்று விற்பவர் நெஞ்சை நிமிர்த்துகிறார். ராணியின் அடிவயிற்றிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டுகிறது. “வீட்ல அந்த ஸ்கூட்டரையே ஆறு வருஷமா பிரிச்சுப் போட்டிருக்கீங்க,” என்கிறாள் மனைவி, செருப்பைக் கழற்றிவிட்டு வேலி நிழலில் உட்கார்ந்தபடி. “அது வேற,” என்கிறார், தெம்பில்லாமல். காலையில் எழுந்தால் போக அவருக்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். படகின் மூக்கருகே ஒரு சாண் மட்டும் டங் என்கிறது. “கேட்டியா?” “மத்ததும் கேட்டுச்சு.” அவர் அந்த ஒரு சாணையே திரும்பத் திரும்பத் தட்டுகிறார். அவள் செருப்பை மாட்டிக்கொள்கிறாள். “ஸ்கூட்டரை நகர்த்தினா இடம் இருக்கும்.”