ஆற்றுவாழை பூத்த வயல்

ஊரே போய்ப் பூப் பார்க்கிறதென்று கிருசாந்தி ரீச்சரும் கணவன் பிரகாஸோடும் பிள்ளைகளோடும் கல்முனையிலிருந்து வேனில் போனாள். வயல் முழுக்க ஆற்றுவாழை என்கிற ஆகாயத்தாமரை ஊதாவாகப் பூத்துக் கிடந்தது.

“பூ வடிவுதான். ஆனா நெல்லு விளையிற பூமியக் களை மூட விட்டவன் ஒரு மனிசனா? வெக்கங்கெட்ட சோம்பேறி!”

ஏசிக்கொண்டே வரம்பில் மாடு மேய்த்த கந்தப்போடியைக் கூப்பிட்டாள்.

“இது ஆர்ட வயல்?”

“உங்கட சீதன வயல்தான், ரீச்சர். நீங்க ஒரு நாளும் வந்து பாக்கல்லயே. நெல்லுச் செய்கைக்குக் கேட்டு மூணு தரம் உங்கட வீட்டுக்கு வந்தன். கண்டவனுக்கும் குடுக்க ஏலாதெண்டு கலைச்சிட்டீங்க.”

கிருசாந்தி கணவனிடம் பாய்ந்தாள்.

“தெரிஞ்சும் ஏன் வாய் திறக்கல்ல?”

“நீ உள்ளதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாய்” என்றான் பிரகாஸ்.